கலாமணியின் கையில் வலிமானி

பூபதி வருகிறார் என்றால் ஈரோட்டு மஞ்சள் மண்டிகளில் தராசுகளுக்கே காய்ச்சல் வரும் என்பார்கள். அவர் எடையளவு முத்திரை ஆய்வாளர். தட்டுக்கு அடியில் புளி ஒட்டிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது தராசுக்குள் அரிசி அளவு சில்லு ஒன்றைப் பதித்துவைத்து, சட்டைப் பையிலிருக்கும் பொத்தானை அமுக்கிக் கிலோவுக்கு ஐம்பது கிராம் விழுங்குகிறார்கள். பூபதி அந்தச் சில்லைத் தேடவே மாட்டார். வியாபாரியின் கையைத்தான் பார்ப்பார். கை ஒருமுறை பைக்குள் போனால் போதும், அன்றைக்கே அந்தத் தராசுக்குச் சீல். "தராசு பொய் சொல்லாது, பக்கத்துல நிக்கற மனுசன்தான் சொல்லுவான்" என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று பிறகு ஊர் பேசியதில் ஒரு தப்பும் இல்லை.

லாரி எடைமேடை ஒன்றின் அடிப்பள்ளத்தில் இறங்கிப் பார்க்கப் போனவர் வழுக்கி விழுந்தார். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. கண் விழித்தபோது இடது மணிக்கட்டில் ஒரு பட்டையும், தலைமாட்டில் குங்குமச் சிமிழைவிடச் சற்றுப் பெரிதான ஒரு பெட்டியும் இருந்தன. பட்டைதான் வலிமானி. வலி மருத்துவ நிலையத்தின் டாக்டர் ஷஹானா அதைப் பற்றி அவருக்கு விளக்கினாள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தன்னை ஒரு அதிகாரியாகவே மதிக்காமல் பேசுகிறாளே என்று பூபதிக்கு ஆரம்பத்திலேயே ஒரு குறை.

"முன்னெல்லாம் எவ்வளவு வலிக்குதுன்னு டாக்டர் கேப்பாங்க, நோயாளி சொல்லுவாங்க. ரெண்டு பேருமே நல்லவங்கதான் சார். அதுலயே பாதி ஊர் போச்சு. சின்ன ஆபரேஷனுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சவங்க, வலி போன பிறகும் வலிக்குது வலிக்குதுன்னு சொல்லி வாங்கினாங்க. அதனாலதான் இப்ப யாரையும் கேக்கறதில்ல. இந்தப் பட்டை நரம்புல ஓடற வலியை அளக்கும். பத்துல ஆறுக்கு மேல போனா பெட்டி தானா திறந்து ஒரு மாத்திரை தரும். நாலு மணி நேரத்துக்கு ஒண்ணுதான், தூங்கற நேரத்துல திறக்காது. எவ்வளவுங்கற எண் என் திரையில மட்டும்தான் தெரியும். உங்களுக்குக் காட்டினா, அதையே பாத்துப் பாத்து வலி கூடிடும்."

பூபதிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. மனிதனின் வாயை நம்பாமல் தராசை நம்புகிறார்களே, இதைவிட நியாயம் என்ன வேண்டும்? மாத்திரை அதைவிடப் பிடித்தது. நெற்றிப் பொட்டு அளவுதான் இருக்கும். நாக்குக்கு அடியில் வைத்தால் கரையும். ஊரில் அதற்குப் பெயரே பொட்டுதான். முதுகு வலியைப் போக்குவதோடு அது நிற்கவில்லை. மேலதிகாரியின் குறிப்பாணை, வராத பதவி உயர்வு, பெங்களூரில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை மட்டும் பேசும் மகன், எல்லாம் ஒரு பத்தடி தள்ளிப்போய் நின்றன. மனசைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்த மாதிரி இருந்தது.

நான்காம் மாதம் பெட்டி திறப்பதை நிறுத்திக்கொண்டது. முதுகு ஆறிவிட்டிருந்தது. பூபதிக்குத்தான் ஆறவில்லை. ஆபீசில் கோப்பைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை, மூக்கு ஒழுகியது, கால்கள் இரண்டும் தம் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. பிறகு அவர் செய்ததைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கட்டில் சட்டத்தில் வேண்டுமென்றே முழங்காலை இடித்துக்கொண்டார். பெட்டி திறந்தது. ஒன்பது நாள் அப்படியே ஓடியது. பத்தாம் நாள் ஷஹானா அவரை அழைத்துத் தன் திரையைக் காட்டினாள்.

"ஆபரேஷன் பண்ணின முதுகு இப்படி வலிக்காது சார். எங்கயாவது இடிச்சாத்தான் கோடு இப்படிச் செங்குத்தா ஏறும். உங்களுக்கு வலி இல்ல, ஏக்கம் இருக்கு. அதையும் நோய்னுதான் நான் சொல்லுவேன். ஆனா அதை அளக்க இன்னும் மெஷின் வரல. புதன்கிழமை புதன்கிழமை இங்க ஒரு கூட்டம் நடக்குது, வந்து உக்காருங்க. மருந்தும் தரேன், ஆறு மாசத்துல வெளிய வந்துடலாம்."

அந்தக் கூட்டத்தை வெளி வராந்தாவில் அவர் பார்த்திருக்கிறார். லாரி டிரைவர்கள், ஒரு கல்லூரிப் பெண், அவரே சீல் வைத்த ஒரு மண்டிக்காரர். அந்த மண்டிக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "என்ற பேரு பூபதி, எனக்கு மாத்திரை இல்லாம முடியலை" என்று சொல்வதா? பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். தனக்கு ஒன்றும் இல்லை, முதுகு சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்த நடையுடன் வெளியே வந்தார். அந்த நாற்காலியில் அன்றைக்கே உட்கார்ந்திருந்தால் இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும். கௌரவம் விடவில்லை.

நான்காவது நாள், வேர்த்து விறுவிறுத்துச் சோபாவில் கிடந்தவரின் கண்ணில் அவருடைய மனைவி கலாமணி பட்டாள். சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சேலையை முட்டிக்கு மேல் ஏற்றிக்கொண்டு, இரண்டு முழங்காலுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வருடக்கணக்காகத் தேய்க்கிறாள். வீட்டில் அந்த வாடை ஊதுபத்தி வாடை மாதிரி பழகிப்போயிருந்தது. அன்றைக்குத்தான் அவருக்கு அது மூக்கில் ஏறியது.

"கலா, முட்டி ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

கேட்ட கேள்வியில் கலாமணி தைலப் புட்டியையே கீழே வைத்துவிட்டாள்.

மறுநாளே அழைத்துப் போனார். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில், பிள்ளைப்பேற்றைத் தவிர்த்து, அவளுக்கென்று அவர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அதுதான் முதல் தடவை. அரக்குக் கலர் பட்டுக்கரைச் சேலையை எடுத்து உடுத்தியிருந்தாள். எதிர்வீட்டுப் பெண்ணிடம், "அவரே கூட்டிட்டுப் போறாருங்க" என்று அவள் சொன்னதை ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பூபதி கேட்டார். கேட்டும் கிளப்பினார். பின்னாளில் அவரைத் தூங்கவிடாமல் செய்தது மாத்திரை ஏக்கமல்ல, அந்தச் சேலைதான்.

ஷஹானா முழங்கால்களைப் படம் எடுத்துப் பார்த்தாள். மூட்டு இரண்டும் தேய்ந்திருக்கின்றன, மாற்றத்தான் வேண்டும், நாலைந்து மாதத்தில் முறை வரும் என்றாள். அதுவரை தாங்குவதற்கு வலிமானி கட்டினாள். பெட்டியைக் கலாமணியின் கையிலேயே கொடுத்து, இது உங்களிடம்தான் இருக்க வேண்டும் அக்கா என்று அழுத்திச் சொன்னாள். சொல்லும்போது பூபதியைப் பார்த்தாள். பூபதி சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டி அவர் கைக்குப் போனது. பறித்தார் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டு வழக்கமே அப்படி. கல்யாணமான நாளிலிருந்து காய்ச்சல் மாத்திரையைக்கூட அவர் அட்டையிலிருந்து பிரித்து உள்ளங்கையில் வைத்தால்தான் அவள் விழுங்குவாள். எதற்கு, எத்தனை என்று கேட்டதில்லை. அதில் இரண்டு பேருக்குமே ஒரு பெருமை இருந்தது. இப்போதும் அவர் பிரித்துக் கொடுத்தார், அவளும் வாங்கிக்கொண்டாள். கொடுத்தது மருந்துக்கடையில் வாங்கிய சுண்ணாம்புச் சத்து மாத்திரையில் கால் துண்டு. பொட்டு அவர் நாக்குக்கு அடியில் இருந்தது.

முதல் நாள் அவள் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்த நேரத்தில்தான் பெட்டி 'டிக்' என்று திறந்தது. அதை வைத்து அவர் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். படியேறினால் வலி, வலித்தால் பெட்டி. அவர்கள் வீட்டு மாடிக்குப் பதினெட்டுப் படிகள். நான்கு மணி நேரம் ஆகப்போகிறது என்றால், "கலா, மாடில என்ற கண்ணாடிய வெச்சுட்டேன்" என்பார். கண்ணாடி வந்ததும் பேப்பர். பேப்பர் வந்ததும், தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்கவேண்டியிருக்கும். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுவாள். பூபதி கீழே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, படியில் அவள் செருப்பு உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். வாயில் எச்சில் ஊறும். இதுவும் நடந்தது, சொல்லாமல் விட்டால் அவரை நல்லவராக்கிய பாவம் எனக்கு வரும்.

ஒருமுறை அவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மாத்திரை எனக்குக் கேக்கலைங்க போல என்றாள். உடம்புக்குப் பழகக் கொஞ்ச நாளாகும் என்று அவர் கீழிருந்தே சொன்னார். அவள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து மீதிப் படிகளையும் ஏறினாள்.

மூன்று மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை, இருவரும் பெட்டியோடு வரவேண்டும் என்று நிலையத்திலிருந்து செய்தி வந்தது. வழக்கமான பரிசோதனை என்று பூபதி நினைத்தார். பத்தரை மணிக்கு ஷஹானாவின் அறையில் உட்கார்ந்தார்கள். ஏழு மணிக்குப் போட்டுக்கொண்ட பொட்டின் தெம்பில் அவர் நிதானமாகவே இருந்தார். பெட்டி அவர் மடியில் இருந்தது.

ஷஹானா வளைத்துப் பேசவில்லை. பத்து நாள் முன்னால் எடுத்த கலாமணியின் ரத்தத்தில் மருந்தின் வாடைகூட இல்லை. பெட்டி இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறது. அவை எங்கே என்று கேட்டாள்.

ரத்தம் எப்போது எடுத்தார்கள் என்று பூபதிக்குப் புரியவில்லை. யோசிக்கவும் நேரமில்லை.

"மாத்திரை கைமாறினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியணும்" என்றாள் ஷஹானா. "யார் பேர்ல பெட்டி இருக்கோ அவங்க பேர் தடைப் பட்டியல்ல ஏறும். அப்புறம் ஆயுசுக்கும் இந்த மருந்து கிடைக்காது. மருந்து கிடைக்காதவங்களுக்கு மூட்டு மாத்தற ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரியிலயும் பண்ண மாட்டாங்க. அந்த வலியை மருந்தில்லாம யாராலயும் தாங்க முடியாது. அக்காவுக்கு அடுத்த மாசம் முறை வருது." பிறகு கலாமணியின் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கக்கா. மாத்திரை எங்க?"

கலாமணி மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தாள். "நான் வித்துட்டேனுங்க டாக்டர்" என்றாள்.

"யாருக்கு?"

"ஆளு பேரெல்லாம் தெரியாதுங்க. சந்தையில வித்தேன்."

ஷஹானா ஒரு படிவத்தை எடுத்தாள். கலாமணியின் பெயரை எழுதினாள். தகப்பன் பெயர், வயது, முகவரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மிக மெதுவாக எழுதினாள். ஒவ்வொரு கேள்விக்கும் கலாமணி பதில் சொன்னாள். பூபதி வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு அந்த முதல் நிமிடமே தெரியும். ஆனால் சொன்னால் ஆபீசுக்குக் கடிதம் போகும். மண்டியில் அத்தனை பேரும் சிரிப்பார்கள். இதைவிடக் கேவலமாக இன்னொன்றும் உள்ளே ஓடியது. அவள் பேர் பட்டியலில் ஏறினால் பெட்டியையும் வாங்கிக்கொள்வார்களே, நாளைக்கு என்ன செய்வது என்பதுதான் அது.

ஷஹானா எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "மூணு மாசத்துக் கோடு இது. அக்காவோட வலி. இது தூங்கும்போது. இது சும்மா உக்காந்திருக்கும்போது. ரெண்டுமே ஆறரைக்குக் கீழ இறங்கவே இல்ல. ஆபரேஷன் பண்ணின அன்னைக்கு உங்களுக்கே ஏழுதான் சார்."

எந்தத் தராசைச் சோதித்தாலும் பூபதி முதலில் தட்டைக் காலி செய்துவிட்டு முள் எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் அது. இவளை ஒரே ஒரு முறை சும்மா உட்காரவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பெட்டி அவள் உட்கார்ந்த இடத்திலேயே திறந்திருக்கும். அத்தனை படிகளும் வெறுமனே ஏறியவை.

திரையில் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கலாமணியின் கையில் பட்டை இருந்தது. இப்போது எட்டு காட்டியது. அவள் நாற்காலியில் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தாள். ஷஹானா படிவத்தை அவள் முன்னால் நகர்த்திக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். எட்டரை. கலாமணி பேனாவை எடுத்தாள். ஒன்பது. மணி பதினொன்று ஆனது; பூபதியின் மடியில் பெட்டி 'டிக்' என்றது. ஒரு பொட்டு வெளியே வந்து விழுந்தது.

"நான்தான்" என்றார் பூபதி. மறுபடி சொன்னார். "நான்தானுங்க தின்னேன். அத்தனையும் நான்தான். அவளுக்குச் சுண்ணாம்பு மாத்திரை குடுத்தேன். மாடிக்கு ஏத்தி எறக்கித் தின்னேன்."

அழுகை வந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார். வரவில்லை. கலாமணி பேனாவை மூடிவைத்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

ஷஹானா படிவத்தைக் குறுக்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பத்து நாளுக்கு முன்னால் கலாமணி தனியாக டவுன் பஸ் ஏறி வந்ததை அப்போதுதான் சொன்னாள். "என்ற ரத்தத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று கேட்டாளாம். முதல் வாரமே தெரியும் என்றாளாம். சுண்ணாம்பு மாத்திரையின் ருசி மகனை வயிற்றில் சுமந்த காலத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்ததுதான். அவர் தாமாகச் சொல்லுவார் என்று தினமும் படியேறியிருக்கிறாள்.

"அன்னைக்கே உங்களைப் பத்தி எழுதறேன்னுதான் நான் சொன்னேன்" என்றாள் ஷஹானா. "வேண்டாம், அவர் வாயால வரட்டும், ஒரு வாய்ப்புக் குடுங்கன்னாங்க. அவர் சொல்லலைன்னா உங்க கால் போயிடும்னு எவ்வளவோ சொன்னேன். அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? 'அவரு வாயத் தொறக்கலைன்னா புதுக் காலை வெச்சுட்டு நான் எங்கீங்க நடக்கறது, அதே ஊட்டுக்குத்தானே?'"

அவர் பெயரில் வேறொரு படிவம் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். துறைக்குத் தகவல் போகும், புதன்கிழமை கூட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும், முதல் இரண்டு வாரம் நரகமாக இருக்கும் என்று ஷஹானா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். கலாமணிக்கு அறுவை சிகிச்சை வரை எண்ணித்தான் மாத்திரை கொடுப்பேன் என்றாள். இவருக்கு வந்த ஆபத்து அவளுக்கும் வரும், அதனால் பெட்டி இனி நர்சிடம் இருக்கும்.

மடியில் விழுந்த பொட்டைப் பூபதி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதை அவளிடம் நீட்டினார். அவள் வழக்கம்போல வாங்கி வாயில் போட்டுக்கொள்ளவில்லை. விரலில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஷஹானா தலையசைத்த பிறகுதான் நாக்குக்கு அடியில் வைத்தாள்.

அரை மணி நேரம் வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுக் கலாமணி உட்கார்ந்தாள். பூபதிக்கு வேர்க்கத் தொடங்கியிருந்தது. கால் ஆடியது. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், வெகுநேரம் கழித்துத் தயங்கித் தயங்கி அவள் பக்கம் திரும்பினார்.

ஒரு கணம் அவருக்கு அவளைத் தெரியவில்லை. புருவத்துக்கு நடுவில் இருந்த இரண்டு கோடுகளைக் காணோம். எப்போதும் கடித்தபடியே இருக்கும் கீழுதடு தளர்ந்திருந்தது. அந்தக் கோடுகளை அவர் அவளுடைய முகவாகு என்றே நினைத்திருந்தார். கல்யாண வீடுகளில், சொந்தக்காரர்கள் நடுவில், "என்ற ஊட்டுக்காரி சிரிச்சா மழை வரும்" என்று எத்தனையோ தடவை கேலி செய்து எல்லாரையும் சிரிக்கவைத்திருக்கிறார்.

கலாமணி கால்களை மெல்ல நீட்டினாள். மடக்கினாள். மறுபடியும் நீட்டிப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம்கூட இல்லை, வெறும் ஆச்சரியம்தான். காலையிலிருந்து முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"ஏனுங்க, மத்தவங்களுக்கெல்லாம் எந்நேரமும் இப்புடித்தான் இருக்குமுங்களா?" என்று கேட்டாள்.

பூபதி அவளையும் பார்க்க முடியாமல், அந்த நீட்டிய கால்களையும் பார்க்க முடியாமல், நர்ஸ் வந்து கூப்பிடும் வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.